தூரத்து டேட்டா லொகரை சிம் மூலம் இணையத்தில் இணைப்பது எப்படி: கொழும்பிலிருந்து தொடங்குபவர்களுக்கு

ஹட்டன் பக்கத் தோட்டம் ஒன்றில் மழைமானி, கிளிநொச்சியில் குளத்தின் நீர்மட்டம், முல்லைத்தீவில் ஒரு குழாய்க்கிணறு. அளக்கும் கருவி அங்கே, அளவைப் பார்க்க வேண்டியவர் கொழும்பில். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய்த் தரவை இறக்கி வருவதுதான் பல இடங்களில் இன்னும் வழக்கம். லொகருக்குப் பக்கத்தில் சிம் போட்ட ஒரு செல்லுலார் கேட்வேயை வைத்துவிட்டால், அதே தரவு கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே வந்து சேரும். இந்த வேலையில் முதன்முறையாகக் கை வைக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நெட்வேர்க் படித்திருக்க வேண்டும் என்றில்லை. வயர் இணைக்கவும், திரையில் இருப்பதைப் பொறுமையாக வாசிக்கவும் தெரிந்தால் போதும்.

ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது நின்றுபோனால் அங்கே யார் போவது? கேட்வே எப்போதாவது நிற்கத்தான் செய்யும். டவர் படுக்கும், கரண்ட் போகும், சிம்மில் டேட்டா முடியும். அப்போதெல்லாம் ஆள் போகாமலேயே திரும்ப எழுந்து வரும்படி அமைப்பதுதான் இதில் உண்மையான வேலை.

எது எதைச் செய்கிறது

லொகர் என்பது சென்சரை வாசித்து, நேரத்தோடு சேர்த்துத் தன் நினைவகத்தில் எழுதி வைக்கும் கருவி. கேட்வே என்பது ஒரு பக்கம் லொகரோடும் மறுபக்கம் டயலொக், மொபிடெல், ஹட்ச் போன்ற ஒரு வலையமைப்போடும் பேசுகிற ரவுட்டர். மூன்றாவது, தரவு வந்து சேரும் சேர்வர்.

சேமிப்பது லொகரின் பொறுப்பு, கொண்டுபோய்க் கொடுப்பது கேட்வேயின் பொறுப்பு. இதைக் கலக்கவே கூடாது. சென்சரை நேராகக் கேட்வேயில் மாட்டி, வாசித்ததை உடனே அனுப்பினால் போதும் என்று சிலர் செலவை மிச்சப்படுத்தப் பார்க்கிறார்கள். இணைப்பு இல்லாத நேரத்துத் தரவு அப்படியே போய்விடும். கடும் மழையில்தான் டவரும் கரண்டும் போகின்றன. நமக்கு மிகவும் தேவையான தரவும் அந்த நேரத்துத் தரவுதான். லொகருக்குப் பெரிய நினைவகமும் தேவையில்லை. பத்து அளவுகளை 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினால் ஒரு நாளைக்கு 96 பதிவுகள். பதிவுக்கு 50 பைட் என்று வைத்தால் நாளுக்கு 5 கிலோபைட்டுக்கும் குறைவு. 4 மெகாபைட் நினைவகம் இரண்டு வருடத்துக்கு மேல் தாங்கும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலும் மலிவான பொக்கட் ரவுட்டர்கள் கிடைக்கும். வீட்டுக்கு நல்லவை, களத்துக்கு வேண்டாம். கரண்ட் போய் வந்தால் யாராவது பொத்தானை அழுத்தினால்தான் பலவும் எழும்பும். வெயிலில் சூடேறும் பெட்டிக்குள் பற்றரி வீங்கும். லொகரோடு வயரில் பேசும் சீரியல் போர்ட்டும் இருக்காது. தொழிற்சாலைப் பாவனைக்கென்று செய்த கேட்வேயையே எடுங்கள். டெல்டோனிகாவின் ஆர்யூடி வரிசை ஒரு உதாரணம். ஆர்யூடி956 போன்ற மாதிரிகளில் ஆர்எஸ்-232, ஆர்எஸ்-485 என்ற இரண்டு வகை சீரியல் போர்ட்டும் இருக்கின்றன. 9 முதல் 30 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் ஓடும் என்பதால் 12 வோல்ட் பற்றரியில் நேராகப் போடலாம்.

பெட்டியைக் கையில் எடுத்தவுடன் அது எந்த பேண்டில் (அலைவரிசைத் தொகுதியில்) வேலை செய்கிறது என்று பாருங்கள். இங்கே கைபேசிகளுக்கு 4ஜி முதலில் வந்தது 1800 மெகாஹேர்ட்ஸில், அதாவது பேண்ட் 3 இல். அமெரிக்கச் சந்தைக்கென்று செய்த சில மாதிரிகளில் அது இல்லை. இணையத்தில் விலை குறைவாகக் கிடைப்பவற்றில் இவையும் அடக்கம். வேகத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. நொடிக்கு 10 மெகாபிட் இறக்கும் கட் 1 (Cat 1) வகை மொடெமே இந்த வேலைக்கு அதிகம். 150 மெகாபிட் கட் 4க்குக் கூடுதல் காசு கொடுத்தால் கூடுதல் கரண்ட்தான் செலவாகும்.

சிம் போடும் எந்தக் கருவிக்கும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். கேட்வேயின் அடியில் ஒட்டியிருக்கும் லேபலில் 15 இலக்க ஐஎம்இஐ எண் இருக்கும். IMEI என்ற ஆங்கில எழுத்து நான்கையும், ஒரு இடைவெளி விட்டு அந்த எண்ணையும் 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் அது பதிவில் உள்ளதா என்று பதில் வரும். காசு கொடுக்கும் முன் கடை வாசலிலேயே இதைச் செய்துவிடுங்கள்.

சிம்

சிம் யாருடைய அடையாள அட்டையில் பதிவாகிறது என்பதை முதலில் தீர்மானியுங்கள். அலுவலகப் பொடியன் ஒருவரின் பெயரில் எடுத்து, அவர் வேலையை விட்டுப் போனபின் சிம்மை மாற்ற முடியாமல் நிற்பது சாதாரணமாக நடக்கிறது. நிறுவனத்தின் பெயரில், மாதக் கட்டண சிம்மாக எடுப்பது நல்லது. ரீலோட் செய்யும் சிம் என்றால் டேட்டா பொதியின் காலாவதித் திகதி கிளிநொச்சியில் இருக்கும் பெட்டிக்குத் தெரியாது, நீங்கள்தான் நினைவு வைத்திருக்க வேண்டும்.

சிம்மை ஒரு கைபேசியில் போட்டு, அது PIN இலக்கம் கேட்பதை நிறுத்துங்கள். டேட்டா ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு கேட்வேயில் போடுங்கள். ஏபிஎன், அதாவது சிம் எந்த வாசலால் இணையத்துக்குப் போவது என்று சொல்லும் பெயர், நிறுவனத்துக்கு நிறுவனம், சில வேளை பொதிக்குப் பொதி மாறும். கைபேசியின் அமைப்புகளில் தெரியும் அதே பெயரை எழுத்துப் பிசகாமல் கேட்வேயில் எழுதுங்கள்.

எவ்வளவு டேட்டா வேண்டும்? அது முழுக்க முழுக்க அனுப்பும் முறையைப் பொறுத்தது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாகப் பாதுகாப்பான இணைப்பைத் திறந்து ஒரு பதிவை அனுப்பி மூடினால், தரவு 100 பைட்தான், ஆனால் திறக்கும் சம்பிரதாயத்துக்கே 5, 6 கிலோபைட் போகும். மாதத்துக்கு 17 மெகாபைட் அளவில் வரும். அது பரவாயில்லை. மாறாக, கொழும்புக் கணினி ஒன்று நொடிக்கு ஒருமுறை மொட்பஸ் (தொழிற்சாலைக் கருவிகள் பேசும் ஒரு முறை) வழியாக லொகரைக் கேட்டுக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு கேள்வி பதிலுக்கும் 160 பைட் என்று வைத்தாலும் நாளுக்கு 14 மெகாபைட், மாதத்துக்கு 400 மெகாபைட்டுக்கு மேல். குளத்து நீர்மட்டத்தை நொடிக்கு நொடி கேட்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

யார் யாரைக் கூப்பிடுவது

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது.

கேட்வேக்கு இணையம் கிடைத்துவிட்டது, இனி அதன் ஐபி முகவரியை அடித்தால் லொகர் திறக்கும் என்று நினைப்பீர்கள். திறக்காது. கேட்வேயின் நிலைப் பக்கத்தில் அதற்குக் கிடைத்த முகவரியைப் பாருங்கள். 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையான எண்களிலோ தொடங்கினால் அது வெளி உலகத்துக்குத் தெரியாத முகவரி. பொது ஐபி முகவரிகள் போதாததால், கைபேசி நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான சிம்களை ஒரு சில பொது முகவரிகளுக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. பெரிய தொடர்மாடிக்கு ஒரே தெருவிலக்கம் இருப்பது போல. உள்ளே இருப்பவர் வெளியே கடிதம் போடலாம், வெளியே இருப்பவருக்கு வீட்டு இலக்கம் தெரியாது.

ஆகவே லொகரே வெளியே கூப்பிடட்டும். உங்கள் சேர்வர் ஒரு நிலையான பெயரோடு இணையத்தில் காத்திருக்கும், லொகரோ கேட்வேயோ அதைத் தேடி வந்து தரவைக் கொடுத்துவிட்டுப் போகும். இதற்கு எம்கியூடிடி என்ற முறை மிகவும் பொருத்தம். பாலைவனத்தில் போகும் எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி இணைப்பில் கண்காணிக்க 1999 இல் உருவாக்கப்பட்டது அது. மெலிந்த, அடிக்கடி அறுகிற இணைப்புக்கென்றே பிறந்ததால் நமது மலைநாட்டுக்கும் ஒத்துவருகிறது. சேர்வரின் கதவு இலக்கம் போன்ற போர்ட்டில் 1883 குறியாக்கம் இல்லாதது, 8883 குறியாக்கத்தோடு போவது. 8883ஐயே பாவியுங்கள். விநியோகத் தரத்தை (QoS) 1 என்று வைத்தால், கிடைத்தது என்று சேர்வர் சொல்லும் வரை அனுப்பும் பக்கம் விடாது. அதன் விளைவாகச் சில பதிவுகள் இரண்டு முறை வரலாம். சேர்வரில் நேரத்தை வைத்து இரட்டைப் பதிவை நீக்கும்படி செய்துவிட்டால் சரி. பழைய லொகர் என்றால் எப்டிபி வழியாகக் கோப்பு அனுப்பும் வசதியாவது இருக்கும், அதுவும் போதும். ஆனால் சாதாரண எப்டிபி கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்புகிறது. அதை அடுத்து வரும் விபிஎன்னுக்குள், அதாவது இணையத்துக்குள் போடும் மறைவான தனி வழிக்குள், ஓடவிடுங்கள்.

லொகரின் நிரலை மாற்ற, பழைய தரவை இறக்க, நீங்களும் உள்ளே போக வேண்டி வரும். அதற்கு விபிஎன். கேட்வேயும் உங்கள் கணினியும் சேர்வரில் சந்திக்கும்படி வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருளை அமைத்தால், கொழும்பிலிருந்து லொகரை மேசையில் இருப்பது போலத் திறக்கலாம். சிம் நிறுவனத்தின் பொது முகவரிக்குப் பின்னால் இருப்பதால் 25 நொடிக்கு ஒருமுறை உயிர்த்துடிப்பு அனுப்பும் வசதியைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நிறுவனத்தின் பக்கம் அந்த வழியை மறந்துவிடும். இதற்கு மாதத்துக்கு ஏறத்தாழ 6 மெகாபைட் செலவாகும்.

இன்னொரு வழியும் உண்டு. நிறுவனத்திடம் நிலையான பொது ஐபி கேட்டு வாங்கி, போர்ட்டைத் திறந்து விடுவது. மொட்பஸின் 502, கம்பெல் என்ற நிறுவனத்தின் லொகர்களுக்கான 6785 ஆகியவற்றை இப்படித் திறந்து வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மொட்பஸ் 1979 இல் ஒரு தொழிற்சாலைச் சுவருக்குள் ஓடப் பிறந்தது, அதில் கடவுச்சொல் என்ற பேச்சே இல்லை. திறந்த போர்ட்களை உலகம் முழுக்கத் தேடிக்கொண்டே இருக்கும் நிரல்கள் உள்ளன. ஒரு மதகின் மோட்டரும் அதே வயரில் இருந்தால், அதை யாரோ ஒருவர் எங்கிருந்தோ திறக்க முடியும்.

கொழும்பிலேயே முடித்துவிட வேண்டிய வேலை

எல்லாவற்றையும் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உங்கள் மேசை மீது பரப்பி ஓடவிடுங்கள். லொகர், சென்சர், கேட்வே, பற்றரி எல்லாம் களத்துக்குப் போகும் அதே பொருட்களாக இருக்கட்டும்.

1. கேட்வேயின் லேபலில் உள்ள கடவுச்சொல்லால் உள்ளே போய் அதை மாற்றுங்கள். பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை (ஃபேர்ம்வெயார்) புதுப்பியுங்கள். களத்தில் சிம் டேட்டாவில் புதுப்பிக்கப் போய் நடுவில் அறுந்தால் பெட்டி கல்லாகிவிடும்.

2. உள் முகவரியை மாற்றுங்கள். பல கேட்வேகள் 192.168.1.1 என்றே வருகின்றன, உங்கள் வீட்டு ரவுட்டரும் அதுவாகவே இருக்கலாம். விபிஎன் போட்டதும் இரண்டும் மோதும். முதல் தளத்துக்கு 192.168.11, அடுத்ததற்கு 192.168.12 என்று இப்போதே வரிசையாகக் கொடுத்துக் குறித்துவையுங்கள்.

3. லொகரை இணையுங்கள். ஈதர்நெட் இருந்தால் அதுவே சுலபம். ஆர்எஸ்-232 கேபிளை 15 மீற்றருக்கு மேல் நீட்ட வேண்டாம். ஆர்எஸ்-485 இரண்டு வயரில் 1200 மீற்றர் வரை போகும். ஆனால் ஏ, பி என்ற பெயர்களை எல்லாத் தயாரிப்பாளரும் ஒரே மாதிரிப் பாவிப்பதில்லை. வேகம், பரிட்டி (பிழை காணும் பிட்) எல்லாம் சரியாக இருந்தும் பதில் வராவிட்டால் இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பாருங்கள். பழுதாகாது. நீண்ட கேபிளின் இரு நுனியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள்.

4. இப்போது கெடுத்துப் பாருங்கள். அன்டனாவைக் கழற்றி ஒரு மணித்தியாலம் வைத்துவிட்டு மாட்டுங்கள். விடுபட்ட பதிவுகள் தானாக வருகின்றனவா? வந்தவை லொகர் எழுதிய நேரத்தோடு வருகின்றனவா, அல்லது சேர்வருக்கு வந்த நேரம் ஒட்டியிருக்கிறதா? இரண்டாவது என்றால் ஒரு மணி நேர மழை ஒரே நிமிடத்தில் பெய்தது போலத் தெரியும். பிறகு பற்றரி வயரைப் பிடுங்கிச் செருகுங்கள். எந்தப் பொத்தானையும் தொடாமல் எல்லாம் எழும்ப வேண்டும்.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். லொகரை எப்போதும் உலகப் பொது நேரத்திலோ அதிலிருந்து 5:30 என்ற நிலையான வித்தியாசத்திலோ வைத்து, எது என்று கோப்பின் தலைப்பில் எழுதுங்கள். இலங்கை 1996 இல் மணியை இரண்டு முறை மாற்றியது, 2006 ஏப்ரலில் மறுபடி 5:30க்குத் திரும்பியது. அந்தக் காலத்து மழைப் பதிவுகளோடு உங்கள் தரவை ஒப்பிடுபவருக்கு இந்த ஒரு வரி பெரும் உதவி. அலகையும் அப்படியே எழுதுங்கள். கிராண்ட்பாஸ் நாகலகம் வீதியில் களனி கங்கையின் மட்டத்தை இன்னும் அடியில்தான் சொல்கிறார்கள்: 4 அடி எச்சரிக்கை, 5 சிறுவெள்ளம், 7 பெருவெள்ளம். அதே கங்கையின் மேற்பகுதியில், ஹங்வெல்லவில், மீற்றர்.

களத்தில் சிக்னல்

கைபேசியின் கோடுகளை நம்ப வேண்டாம். கேட்வேயின் பக்கத்தில் மூன்று எண்கள் இருக்கும். ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் பலம்: -80 அளவில் என்றால் அருமை, -100 என்றால் சமாளிக்கலாம், -110க்குக் கீழே போனால் வேறு வழி பாருங்கள். எஸ்ஐஎன்ஆர் என்பது இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு தெளிவு என்பது. 20 நன்று, பூச்சியத்துக்குக் கீழே மோசம். ஆர்எஸ்ஆர்கியூ என்பது சிக்னலின் தரம்: -10ஐ ஒட்டி இருந்தால் நல்லது, -20ஐ நெருங்கினால் கெட்டது. -97, 11, -10 என்று காட்டும் இடம் எங்கள் வேலைக்குத் தாராளம். இரண்டு நிறுவன சிம்களையும் கொண்டுபோய் மாற்றி மாற்றிப் பார்த்து, எண்களை எழுதிவைத்து, அதன்பின் தெரிவு செய்யுங்கள். கொழும்பில் எது வேகம் என்பது தோட்டத்து லயத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டுக்குப் பொருந்தாது.

எண் குறைவென்றால் அன்டனாவை உயர்த்துங்கள். ஆனால் கேபிளில் கஞ்சத்தனம் காட்டினால் உயர்த்திய பலன் போய்விடும். மெல்லிய ஆர்ஜி58 கேபிள் 1800 மெகாஹேர்ட்ஸில் 10 மீற்றருக்கு 7 டெசிபெல் அளவில் விழுங்கும், அதாவது சிக்னலில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். தடித்த எல்எம்ஆர்-400 அதே தூரத்துக்கு 2 டெசிபெல்தான். கேட்வேயையே கம்பத்தின் மேலே ஏற்றி, லொகருக்கு ஆர்எஸ்-485 வயரை இறக்குவது பல இடங்களில் இதைவிட நல்லது. இரும்புப் பெட்டிக்குள் அன்டனாவை வைத்துப் பூட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

கரண்ட்

லொகர் மில்லி அம்பியர் கணக்கில் குடிக்கும், கேட்வேதான் பெரும் தீனி. சும்மா இருக்கும்போதே 2 வாட் என்று வைப்போம். நாளுக்கு 48 வாட்-மணி, 12 வோல்ட்டில் 4 அம்பியர்-மணி. தென்மேல் பருவத்தில் நுவரெலியா பக்கம் நான்கு நாள் சூரியனே தெரியாமல் இருக்கும். ஆகவே 16 அம்பியர்-மணி. ஈய-அமில பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் 32, வாங்கும்போது 40 அம்பியர்-மணி. நாளுக்கு மூன்று மணி நேர முழுவெயில், 30 சதவீத இழப்பு என்று எடுத்தால் அன்றன்றைய செலவுக்கே 23 வாட் பேனல் வேண்டும். இறங்கிய பற்றரியையும் ஏற்ற வேண்டும் என்பதால் 50 வாட் போடுங்கள்.

இவ்வளவு பெரிய பேனல் வேண்டாம் என்றால், லொகரின் கட்டுப்படுத்தக்கூடிய 12 வோல்ட் முனையில் கேட்வேயை மாட்டி மணிக்கு 5 நிமிடம் மட்டும் எழுப்பலாம். செலவு பத்தில் ஒன்றுக்கு இறங்கும். மழைமானிக்கும் கிணற்றுக்கும் இது போதும். நாளில் ஒரு மணித்தியாலம் மட்டும் தொடர்ந்து விழித்திருக்கும்படி வைத்தால் நீங்கள் உள்ளே போய் வேலை செய்யலாம். வெள்ள எச்சரிக்கைக்கு வைக்கும் நீர்மட்டக் கருவியை மட்டும் இப்படித் தூங்கவிடாதீர்கள்.

மின் இணைப்பிலிருந்து கரண்ட் எடுக்கும் இடத்திலும் பற்றரி அவசியம். 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள்.

மின்னல், தண்ணீர், எறும்பு

மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் பிற்பகல் இடி இறங்கும். அன்டனா கேபிளுக்கும் சென்சர் வயருக்கும் மின்னல் தடுப்பான் போட்டு, எல்லாவற்றையும் ஒரே எர்த் கம்பிக்கு, வளைவில்லாத தடித்த வயரில் கொண்டுபோங்கள்.

கேபிள்கள் பெட்டியின் அடிப்பக்கத்தால்தான் நுழைய வேண்டும். நுழையும் முன் ஒவ்வொன்றும் ஒரு சாண் கீழே தொங்கி, வளைந்து மேலே வரட்டும். மழைநீர் வயரோடு வழிந்து வந்து அந்த வளைவின் அடியில் சொட்டி விழுந்துவிடும். பாவிக்காத ஓட்டைகளை அடையுங்கள், இல்லாவிட்டால் எறும்பு ரிலேக்குள் கூடு கட்டும். மலைநாட்டில் குரங்கு இழுக்காதபடி கேபிளைக் குழாய்க்குள் விடுங்கள். கடற்கரை ஓரத் தளங்களில் அன்டனா இணைப்பை ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றாவிட்டால் உப்புக்காற்று பித்தளையைத் தின்றுவிடும்.

தானாக எழுந்து வர

கேட்வேயில் பிங் சோதனை, அதாவது இணையத்தில் ஒரு முகவரியைத் தட்டிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை, ஒன்றை அமையுங்கள்: இரண்டு வெவ்வேறு முகவரிகளுக்கும் தொடர்ந்து அரை மணித்தியாலம் பதில் வராவிட்டால் மொடெத்தை மறுதொடக்கம் செய். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று அவசரப்படுத்தாதீர்கள். டவரே படுத்திருக்கும்போது திரும்பத் திரும்ப எழுந்து பற்றரியைத்தான் தீர்க்கும். நாளுக்கு ஒருமுறை, லொகர் அனுப்பும் நிமிடத்தோடு மோதாத ஒரு நேரத்தில், முழு மறுதொடக்கமும் போடுங்கள். குறுஞ்செய்தியில் மறுதொடக்கம் செய்யும் வசதி இருந்தால் உங்கள் இரண்டு எண்களுக்கு மட்டும் அதைத் திறந்துவையுங்கள். டேட்டா போகாத நேரத்திலும் குறுஞ்செய்தி போய்ச் சேர்வதுண்டு.

தரவோடு பற்றரி வோல்ட்டேஜையும் ஆர்எஸ்ஆர்பியையும் சேர்த்து அனுப்புங்கள். பற்றரி நாளுக்கு நாள் 12.6, 12.3, 12.0 என்று இறங்கிக்கொண்டு போனால், அது படுக்கும் முன்பே பேனலில் இலை விழுந்திருக்கிறது என்று ஊகிக்கலாம்.

கடைசியாக, சேர்வரில் ஒரு எச்சரிக்கை: மூன்று மணித்தியாலம் எந்தப் பதிவும் வராவிட்டால் இரண்டு பேருக்குச் செய்தி போக வேண்டும். ஒருவர் கொழும்பில் நீங்கள். மற்றவர் பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பவர், தோட்டத்துக் காவலாளியோ குளத்துப் பொறுப்பாளரோ. எந்த விளக்கு எரிய வேண்டும், எந்த ஃபியூஸைப் பார்க்க வேண்டும் என்று பெட்டிக் கதவின் உட்பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, உங்கள் எண்ணையும் போட்டு, தண்ணீர் படாதபடி ஒட்டிவிட்டு, திரும்பும் பஸ்ஸைப் பிடிக்கும் முன் அவரை ஒருமுறை கதவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.